கடைசி இடத்து முறைவாசல்

திருச்சி தஞ்சாவூர் ரோட்டில் அருவி டெலிகாமுக்கு நாலு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே மார்க் பட்டியல் ஒட்டுவார்கள், ஒட்டின கையோடு ஒவ்வொரு குழுவிலும் கடைசிப் பெயருக்குரியவர் எடை இழந்து மேலே எழும்பி சீலிங்கில் முட்டி நிற்பார், அடுத்த பட்டியல் வரைக்கும் அங்கேதான் இருப்பார் என்பதெல்லாம் இன்றைக்கு எதிர்ப் பக்கம் பஜ்ஜி போடுகிறவருக்குக்கூடத் தெரியும். முதன்முதலில் போனவர் பில்லிங் பிரிவில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், கப்போடு போனார். டீ கம்ப்யூட்டரில் சிந்துகிறதே என்று கத்தினார்களே ஒழிய, மனுஷன் போகிறானே என்று ஒருத்தரும் கத்தவில்லை, ஏனென்றால் எல்லார் காதிலும் ஹெட்செட், ஒவ்வொரு ஹெட்செட்டிலும் ஒரு வாடிக்கையாளர். ஏன் போனார், எப்படிப் போனார் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது, ஓர் அழைப்புக்கு நாலு நிமிஷம்தான்.

கம்பெனி சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்துவிட்டது. மேலே இருப்பவர்கள் சீலிங்கில் தடம் பதியாமல் சாக்ஸ் போட வேண்டும், பேச்சில் மூச்சு வாங்குகிற சத்தம் வரக் கூடாது, மேலே இருக்கிற விஷயத்தை வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது என்று பக்கம் பக்கமாக விதிகள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், யார் படித்தார்கள். ஹெட்செட் ஒயரை ஒன்பது அடியாக நீட்டிக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் கீழே இருக்கிறவர்கள் ஒயரைப் பிடித்து இழுத்து ஆளை இறக்கி, வாசல் லாக்கர் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அங்கே இருக்கிற பையை எடுத்து மாட்டிவிடுவார்கள், பையில் ஏழெட்டுச் செங்கல் இருக்கும், அந்தக் கனத்தில் தரையில் கால் பாவி வீடு போய்ச் சேரலாம். உள்ளே மட்டும் பை கொண்டுபோகக் கூடாது, அது ஆரம்பத்திலிருந்தே இருக்கிற விதி, செங்கலுக்காக அதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரும் பழகிக்கொண்டது. கண்டக்டர்கள் செங்கல் பைக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று கொஞ்ச நாள் சண்டை போட்டுவிட்டு விட்டுவிட்டார்கள், பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை எத்தனை தடவை மேலே போயிருக்கிறார் என்று ஜாதகத்தோடு சேர்த்து விசாரித்தார்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள் ஃபேன் வளைந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று குடி வரும்போதே சொல்லி வைத்தார்கள்.

ஒரு தடவை போனால் பாதகமில்லை, அடுத்த பட்டியலில் பெயர் கொஞ்சம் ஏறினால் கனம் திரும்பிவிடும். அடுத்தடுத்து இரண்டு தடவை போனவர்தான் இறங்குவதில்லை. செங்கல் என்ன, அரிசி மூட்டையைக் கட்டினாலும் மூட்டையும் சேர்ந்து மேலே போகும். மூன்றாம் மாடி ஜெயசீலன் அப்படித்தான் நின்றுபோனார். ஒன்றரை வருஷமாக அவருக்குச் சாப்பாடும் தூக்கமும் சீலிங்கில்தான், எப்படியும் அங்கேதானே இருக்கிறார் என்று ட்யூப்லைட் மாற்றுகிற வேலையையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள், கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவர் மனைவி வந்து ஒட்டடைக் கம்பு நுனியில் கேக்கைக் கட்டி நீட்டிவிட்டு அழாமல் திரும்பிப் போனாள். சம்பளம் மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் வீட்டுக்குப் போய்விடும்.

இரண்டாம் மாடியில் விலகுவோர் பிரிவு. அருவி வேண்டாம், என் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று யாராவது அழைத்தால் அழைப்பு அங்கேதான் வந்து விழும், அவர்களைப் போகவிடாமல் நிறுத்துவது அங்கே இருக்கிற ஏழு பேரின் வேலை. ஏழு பேரில் ஒருத்தி மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மன் பெயரை முழுசாகக் கூப்பிட யாருக்கு வாய் இருக்கிறது, குழலி என்பார்கள். வயது முப்பத்தொன்பது, வேலையில் சேர்ந்து ஒன்பது வருஷம். ஏன் போறீங்க, நாங்க என்ன குறை வெச்சோம், இவ்வளவு நாள் இருந்துட்டீங்க, இன்னும் ஒரு மாசம் இருந்துதான் பாருங்களேன் என்று ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்த விருந்தாளி எழுந்து செருப்பைத் தேடினால்கூட அவள் வாய் தன்னால் ஆரம்பித்துவிடும், சொந்தக்காரர்கள் அவள் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள் என்று அவள் கணவன் முருகையன் கிண்டல் செய்வான்.

அந்த ஏழு பேரும் மற்ற குழுக்களைப் போல ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட்டு ஏறவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே காம்பவுண்டில் குடியிருப்பவர்கள் இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான் என்று முறைவாசல் போட்டு வாசல் தெளிப்பார்களே, அதே ஏற்பாட்டைக் கடைசி இடத்துக்கும் செய்துகொண்டார்கள். குழுவில் மூத்தவரான சலீம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு பெயரையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். யார் முறையோ அவர் அந்த மூன்று மாதம் போகிறவர்களைப் போகவிட்டு, மார்க்கைத் தாமாகவே இறக்கிக்கொண்டு, பட்டியல் ஒட்டுகிற அன்று புது சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். ஒருத்தருக்கும் அடுத்தடுத்து இரண்டு தடவை வராது. மேனேஜர் ரகோத்தமனுக்கு இது தெரிந்திருக்கலாம், தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம், அவருக்கு மேலே போக ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதானே.

ஜனவரிப் பட்டியலில் குழலி தன் முறைக்கு மேலே போயிருந்தாள். அடுத்த முறை அமலிக்கு. அமலிக்கு அப்போது நாலு மாதம்.

அமலி பாலக்கரைப் பெண், குழலியின் தெருவிலேயே வளர்ந்தவள், குழலிதான் கூட்டிக்கொண்டு வந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டாள். அது மட்டுமா? போன வருஷம் மஸ்கட்டில் இருக்கிற அமலியின் புருஷன் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடச் சொன்னபோது, பத்து நிமிஷம் வேலைக் குரலில் பேசி, இவ்வளவு வருஷ அனுபவம் போச்சுன்னா திரும்ப வராது, குழந்தை பிறந்தா ரெண்டு சம்பளம் வேணும், இன்னும் ஒரு வருஷம் இருந்துதான் பாரேன் என்று நிறுத்தி வைத்தவளும் குழலிதான். அமலி நின்றுவிட்டாள். குழலி நிறுத்தி நிற்காதவர்கள் குறைவு.

பில்லிங்கில் கோமதி என்று ஒருத்தி வயிற்றோடு மேலே போயிருந்தாள், அதனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். குழந்தை நன்றாகத்தான் பிறந்தது, அழுதது, பால் குடித்தது, ஆஸ்பத்திரித் தராசு முள் மட்டும் அசையவில்லை. தாய் இறங்கிவிட்டாள், குழந்தைக்கு எந்தப் பட்டியலில் பெயர் ஏறி எந்தக் கனம் திரும்பப் போகிறது? தூளியை உத்தரத்தில் கட்டாமல் தரையில் ஆணி அடித்துக் கட்டியிருக்கிறார்கள், அது மேல்நோக்கிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே குழந்தை. செங்கல் கட்டலாம் என்றால் அந்த எலும்பு தாங்காது, ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்துவிட்டு அந்த வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. கம்பெனி குழந்தைக்கு ஒரு ஃபிராக் அனுப்பி வைத்தது.

வேலை முடிந்ததும் வாசலுக்கு வெளியே இருக்கிற கேன்டீனில் ஏழு பேரும் கூடிப் பேசினார்கள், குழலி தோளில் செங்கல் பை. அமலிக்கு அடுத்த முறை சலீமுக்குத்தான், மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் பிப்ரவரியில் அவர் மகளுக்கு நிக்காஹ், சீலிங்கில் இருக்கிற அப்பனின் பெண் எங்களுக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இன்னொருத்தரின் அம்மாவுக்கு இதய ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் தூக்கிப் பிடிக்க வேறு ஆள் இல்லை. இன்னொருத்திக்கு விவாகரத்து வழக்கு, மேலே போனால் பிள்ளை கையை விட்டுப் போய்விடும் என்று வக்கீல் பயமுறுத்தியிருந்தார். மற்ற இரண்டு பேருக்கும் இப்படியே ஆளுக்கொரு காரணம், ஒன்றுகூடப் பொய் கிடையாது, அதுதான் கொடுமை. எல்லாரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“உன் முறையை நான் பாத்துக்கறேன், நீ பேசாம பெத்துப் பொழச்சு வா” என்றாள் குழலி.

“ரெண்டாவது தடவை ஆயிடுமேக்கா. அப்புறம் நீங்க இறங்கவே மாட்டீங்களே.”

“இறங்கி மட்டும் என்னத்தைக் கிழிச்சேன்.”

சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கே வீட்டில் வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற முருகையனுக்கு மாவு ஆட்டவும், சாம்பாருக்குப் பருப்பு எத்தனை விசில் என்பதும், ரேஷன் கார்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதும் சொல்லிக் கொடுத்தாள், பத்தாவது படிக்கிற மகள் கயலை உட்கார வைத்து அம்மா இல்லாத வீட்டில் ஒரு பெண் பிள்ளை தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மணிக்கணக்காகப் பேசினாள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தாரைப் பார்க்க விடுவார்களாம், ஜெயசீலனிடம் விசாரித்து வைத்திருந்தாள். முருகையன் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தான், நாலாம் நாள் காந்தி மார்க்கெட் பக்கம் போய் பத்தடி அலுமினிய ஏணி ஒன்று வாங்கி வந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் இதில் ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றான். குழலி அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பிறகு சீலிங்கில் தன் இடத்தில் போய் நின்றுகொண்டு, ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக, போகிறவர்களைப் போகச் சொல்ல ஆரம்பித்தாள். போன தடவை அவள் முறையின்போது எழுதிக் கொடுத்த வசனத்தையே அரைகுறையாகச் சொல்லி மார்க்கை இறக்கியிருந்தாள், இந்தத் தடவை கடைசிக்கும் கடைசியாக இருந்தால்தான் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கீழே போக முடியும், அதனால் மனசைத் திறந்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. மணப்பாறையிலிருந்து ஒருவர் அழைத்தார், மாட்டுக் கொட்டகையில் சிக்னல் எடுக்கவில்லை என்று நாலு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிற மனிதர்.

“போயிடுங்க ஐயா. உங்களுக்கு இங்க ஒரு நல்லதும் நடக்கல, இனிமேலும் நடக்காது. போற இடத்துலயாவது நல்லா இருங்க” என்றாள் குழலி.

 “ஏம்மா, குரல் ஒரு மாதிரியா இருக்கே, சாப்பிட்டியா? நான் போனா உன்னைய ஏதும் சொல்லுவாங்களா?” என்றார் அவர். குழலி பதில் சொல்வதற்குள், “சரி விடு, நான் இருந்துக்கறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதென்ன கூத்து என்று அடுத்தவரிடமும் போங்கள் என்றாள், அவரும் இருக்கிறேன் என்றார். லால்குடியில் ஒரு டீச்சர், துறையூரில் லாரி ஓட்டுகிறவர், முசிறியில் காது கேட்காத தன் அப்பாவுக்காகப் பேசிய பெண், எல்லாரும் ஒருத்தர் விடாமல் இருந்துகொள்கிறேன் என்றார்கள். இத்தனை வருஷமாக மெஷின் பேசுகிறதா மனுஷி பேசுகிறாளா என்று தெரியாமல் பேசியவர்களுக்கு இப்போது மனுஷிதான் என்று தெரிந்துவிட்டது, அவளை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வரவில்லை. எரிந்து விழுந்து பார்த்தாள், பாவம் என்ன கஷ்டமோ என்றார்கள். பேசாமல் இருந்து பார்த்தாள், தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி அழுதுவிட்டு, மனசு லேசாச்சும்மா, இருந்துக்கறேன் என்றார்கள். அழைப்பைத் துண்டித்தாள், திரும்பக் கூப்பிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு அவள் கணக்கிலேயே வந்து சேர்ந்தார்கள். காய்ச்சல் என்று நாலு நாள் வராமல் இருந்தாள், திரும்பி வந்தபோது நூற்றுச் சொச்சம் பேர் அவளிடம்தான் பேசுவோம் என்று காத்திருந்தார்கள். சுவரில் இருக்கிற பெரிய திரையில் அவள் பெயர் ஏறிக்கொண்டே போனது, அமலியின் பெயர், நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து போகிற அமலியின் பெயர், ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டு வந்தது.

மார்ச் மாதக் கடைசி வாரம் குழலி வெட்கத்தை விட்டு மற்ற ஐந்து பேரின் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினாள். யாராவது ஒருத்தர் விழுந்துவிடுங்கள், என்னால் முடியவில்லை என்றாள். அவர்கள் அவளைப் பார்த்த பார்வையை அவள் ஆயுசுக்கும் மறக்க முடியாது. நீதானே பாத்துக்கறேன்னு சொன்ன, அதை நம்பித்தானே நாங்க இருந்தோம் என்றார் சலீம், கோபமாகக்கூட இல்லை, களைப்பாக. மகள் நிக்காஹ் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, ஆனால் இருக்கிற மூன்று நாளில் அவரும் எவ்வளவுதான் இறங்க முடியும்? இறங்கித்தான் பார்த்தார், அமலிக்கு ஒரு மார்க் மேலே நின்றுவிட்டார்.

ஏப்ரல் முதல் திங்கள்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். குழலி முதல் இடம், கிளையிலேயே முதல் இடம், கனம் திரும்பித் தரைக்கு இறங்கிவிட்டாள். அமலி கடைசி. சாக்ஸ் வாங்கி வைத்திருக்கவில்லை, குழலி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள், அமலி அதைப் போட்டுக்கொள்ளக் குனிய முடியாமல் தடுமாறியபோது குழலியே தரையில் உட்கார்ந்து போட்டுவிட்டாள், இரண்டாவது காலில் போடும்போதே அந்தக் கால் கையை விட்டு மெதுவாக மேலே போய்விட்டது. ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அமலி எழும்பிப் போய், ஏசிக் காற்று வருகிற சதுரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஒயர் இறுகியது. அடுத்த நிமிஷமே அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது, வணக்கம், அருவி டெலிகாம், நான் அமலி பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் இறக்கும்போது அவளைக் கட்டிப் பிடித்துத்தான் இறக்கினார்கள். வேண்டுமென்று செய்யவில்லை அமலி, நான் போகத்தான் சொன்னேன், அவர்கள் போகவில்லை என்று குழலி சொன்னதை அவள் நம்பினாளா இல்லையா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. செங்கல் பையை மாட்டிக்கொண்டாள். “வயித்துல கனமே தெரியலக்கா” என்றாள். 

அதே வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. சென்னையிலிருந்து கேக்கும், பெரிய அதிகாரி ஒருவரின் வீடியோ வாழ்த்தும் வந்தன. போங்கள் என்று குழலி பேசிய அழைப்புகளைப் பதிவிலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்கள், இனிமேல் எல்லாக் கிளையிலும் போகிறவர்களை இப்படித்தான் மனசாரப் போகச் சொல்ல வேண்டும் என்று புது வசனம் அச்சடித்துக் கொடுத்தார்கள். ரகோத்தமன் அவளுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, குழுவுக்கு ஒரு கேடயத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றார். இந்தக் கேடயம் மார்க்குக்காக இல்லை, ஒன்பது வருஷத்தில் ஒருத்தர்கூட வேலையை விட்டுப் போகாத ஒரே குழு என்பதற்காக என்றார். கைதட்டல் அடங்கக் காத்திருந்து, உண்மையிலேயே நெகிழ்ந்துபோய், அடுத்ததைச் சொன்னார்.

“மத்த மாடியிலெல்லாம் பாருங்க, அப்பப்ப யாராவது ஒருத்தர் ரிசைன் பண்ணிடுவாங்க. ரிசைன் பண்றவங்க பேரைத்தான் கடைசி இடத்துல போடணும்னு சுற்றறிக்கையிலேயே இருக்கு, அதனால அந்தத் தடவை அங்க யாரும் மேல போக வேண்டிய அவசியமே வராது. இவங்களுக்கு அந்தச் சுலபமான வழி தெரியாமலா இருக்கும்? இருந்தும் ஒருத்தர்கூடப் போகல பாருங்க.”

ஆறு பேர் தரையில் நின்றுகொண்டிருந்தார்கள். சலீம் மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குழலிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது, புரிந்ததும் அது உள்ளே இறங்கிக்கொண்டே போனது. மூன்று மாதம். ஒரு வெள்ளைத் தாள், நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து, எந்த நாள் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். வீட்டையே அவிழ்த்துப் பிரித்துக் கணவன் கையிலும் மகள் கையிலும் கொடுத்துவிட்டு ஆயுசு முழுக்கச் சீலிங்கில் கிடக்கத் துணிந்தவளுக்கு, முருகையனுக்கு, அந்தக் கேன்டீனில் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கு, வேலையை விட்டுவிடலாம் என்கிற யோசனை பேச்சுக்குக்கூட வந்திருக்கவில்லை. இனி அடுத்த பட்டியல் ஜூலையில். அமலிக்கு ஜூன் பத்தாம் தேதி சொல்லியிருக்கிறார்கள்.

மேலே ஏசிச் சத்தத்துக்கு அருகில் இருந்த அமலிக்கு மைக்கில் பேசியது சரியாகக் கேட்கவில்லை. கீழே எல்லாரும் முகம் செத்துப்போய் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்திக்கொண்டு, “என்னக்கா சொன்னாரு?” என்று கேட்டாள்.

குழலி அண்ணாந்து பார்த்தாள்.

“ஒண்ணுமில்லடி, நம்ம எல்லாரையும் பாராட்டிப் பேசினாரு” என்றாள்.

“நல்லதுதானேக்கா” என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்திருந்த இரண்டு கையையும் எடுத்து அமலி தட்டினாள்.